கிணற்றுப் படத்தின் மிச்சப் பாதி

சபிஹாவுக்கு எத்தனையோ படங்களின் கதை தெரியும். ஆனால் எல்லாமே பாதிதான். கதாநாயகி யார், அவளுக்கு என்ன குறை, வில்லன் எந்த ரயிலில் வந்து இறங்குகிறான், முதல் சண்டை எதற்காக என்பதையெல்லாம் நேரில் பார்த்த மாதிரி சொல்லுவாள். அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டால், "அதுக்குள்ள நாலு மணி ஆயிருச்சே" என்பாள்.

திண்டுக்கல் பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் போகும் சந்தில் இருக்கிறது அவள் வீட்டுப் பிரியாணிக் கடை. மத்தியானச் சோறு இரண்டு மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும். ராத்திரி வியாபாரத்துக்கு நாலு மணிக்கு அடுப்புப் பற்றவைக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை ஊரில் பாதிப் பேர் கறி தொட மாட்டார்கள் என்பதால் அன்றைக்குக் கை இன்னும் சீக்கிரமே ஓய்ந்துவிடும். கல்யாணமாகி வந்த புதிதிலிருந்தே சபிஹாவும் கடையில் வெங்காயம் உரிக்கும் பெண்களும் செவ்வாய்தோறும் மாட்டினி ஷோவுக்குப் போய்வந்தார்கள். அவள் புருஷன் முகமது ரஃபீக் ஒருநாளும் போகாதே என்றவர் இல்லை. இடைவேளை விட்டதும் திரும்பிவிட வேண்டும், அது ஒன்றுதான் அவர் போட்ட சட்டம்.

இடைவேளை விளக்கு எரிந்ததும் மற்றவர்கள் முறுக்கு வாங்கப் போவார்கள். இவர்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடப்பார்கள். வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் இவர்களுக்கு 'இடைவேளைக் கட்சி' என்று பேர் வைத்திருந்தார்.

மிச்சக் கதையை வெங்காயத்தைச் சுற்றி உட்கார்ந்து இவர்களே முடித்துக்கொள்வார்கள். திண்டுக்கல் பிரியாணிக்குச் சின்ன வெங்காயம்தான். ஒரு மூட்டை உரிப்பதற்குள் ஒரு படத்துக்கு மூன்று முடிவு கிடைத்துவிடும். கூட உரிக்கும் சிவனம்மாள் சொல்லும் முடிவில் வில்லன் கட்டாயம் சாவான், அதுவும் சுலபமாகச் சாக மாட்டான். சபிஹாவின் முடிவில் சொத்து உரியவர் கைக்குப் போய்ச்சேரும், கடைசியில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். முழுப் படம் பார்த்த எவரிடமும் உண்மையான முடிவைக் கேட்கக் கூடாது என்று அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஒருமுறை கசாப்புக் கடைக்காரர் ஒரு படத்தின் முடிவைச் சொல்ல வாயெடுத்தார். சிவனம்மாள் கையிலிருந்த கறிக்கூடையை அவர் முன்னாலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அந்தப் படங்களிலெல்லாம் தீராத வழக்காக நின்றது கிணற்றுப் படம். படத்துக்கு ஒரு பேர் உண்டு. ஆனால் இவர்களுக்கு அது கிணற்றுப் படம்தான். பொழுது சாயும் நேரம். கதாநாயகி ஒரு தகரப் பெட்டியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குகிறாள். அவளுக்குப் பின்னால் யாருடைய செருப்போ தெரிகிறது. இடைவேளை. பெட்டிக்குள் என்ன? மாமியாரின் நகை என்று சிவனம்மாள். வீட்டுப் பத்திரம் என்று சபிஹா. சபிஹாவின் மகன் தப்ரேஸ் அப்போது கைக்குழந்தை, வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் தூளியில் கிடந்தான். இப்போது அவனுக்கே பிள்ளை இருக்கிறது. வழக்கு மட்டும் முடியவில்லை.

சபிஹா தோல் ஷாப் தொழிலாளியின் மகள். பத்தொன்பது வயதில் ரஃபீக்கைக் கட்டிக்கொண்டு இந்த அடுப்படிக்கு வந்தாள். அரிசிப் பதமும் தம் போடுவதும் மாமியாரிடம் கற்றாள். வியாபாரத்தை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ரஃபீக் பக்கவாதத்தில் விழுந்தபோது அதுவும் தானாக வந்தது. இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தவரை நேரம் தவறாமல் புரட்டிப் போட்டு, குதிகாலுக்குக் கீழே துணி மடித்து வைத்து, முதுகில் ஒரு புண் வராமல் பார்த்துக்கொண்டாள். அடுப்பும் ஒருநாள் அணையவில்லை. அவர் போனபின் நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிகிறவரை வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. வெங்காயம் உரிக்காமலும் இருக்க முடியாது. அதனால் மூட்டைகள் மாடிக் கூடத்துக்கு ஏறின. பெண்களும் கூடவே ஏறினார்கள். இத்தா முடிந்த பிறகும் வெங்காயம் கீழே இறங்கவில்லை. மாடியில் காற்று நன்றாக வந்தது.

இப்போது அவளுக்கு அறுபத்து மூன்று. அடுப்பு மகனிடம் போய்விட்டது. மாடிக் கூடம் மட்டும் அவளுடைய ராஜ்யம்.

அந்தக் கூடத்தின்மேல்தான் தப்ரேஸ் கண்வைத்தான். ஹோம் தியேட்டர் போட வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. சுவரில் படம் காட்டும் ப்ரொஜெக்டர், கருநீலச் சுவர், தடித்த திரைச்சீலை, சாய்ந்தபடி கால் நீட்டும் நாற்காலி மூன்று. இருட்டில் உட்கார்ந்து பார்த்தால் படத்துக்குள்ளேயே இருப்பது போல் இருக்கும் என்று ஃபோனில் படம் படமாகக் காட்டினான். வெங்காயத்தைக் கீழே பின்கட்டுக்கு மாற்றிவிடலாம் என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டான்.

சபிஹா எல்லாப் படத்தையும் பார்த்து முடித்தாள். "மிஷின் வாங்குத்தா. ஆனா கூடம் என்னோடது. எந்த மிஷினுன்னு நான்தான் பாப்பேன். வெங்காயம் எங்கயும் எறங்காது."

அவள் மனத்தில் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. சிவனம்மாளின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். மருமகளுக்கு இது நிறைமாதம். தை பிறந்ததும் அம்மா அங்கேயே வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டான், சிவனம்மாளும் சரி என்றுவிட்டாள். இடைவேளைக் கட்சியில் ஆரம்பத்திலிருந்து இருந்து, இன்னும் மிச்சமிருப்பவர்கள் அவர்கள் இருவர்தான். அவள் போவதற்குள் கிணற்றுப் படத்தைக் கடைசிவரை, இருவருமாகச் சேர்ந்து பார்த்துவிட வேண்டும் என்பது சபிஹாவின் திட்டம். ஃபோனில் பார்க்கலாமே என்றாள் தப்ரேஸின் மனைவி ஹுஸ்னா. சிவனம்மாளுக்கு ஒரு கண்ணில்தான் புரை எடுத்திருக்கிறது, இன்னொன்று பாக்கி. ஃபோனில் தெரிகிற ஆள் அவளுக்கு எறும்பு. சுவர் அளவுக்குப் படம் வேண்டும்.

*

சாலை ரோடு என்கிற கடைவீதியில் கேமராவும் டிவியும் விற்கும் அன்புமணியின் கடைக்குத் தாயும் மகனும் போனார்கள். அன்புமணி பேச்சில் பொறுமைசாலி. கடையின் பின்பக்கம் ஓர் இருட்டறை வைத்திருந்தார். அங்கே உட்காரவைத்துப் படத்தைப் போட்டதும் தப்ரேஸ் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். கடல் கடலாக இருந்தது. ஒரு கிழவரின் முகத்தில் சுருக்கங்களை எண்ணலாம்.

"நல்லாருக்கு தம்பி. டியூப் லைட்டப் போடுங்க" என்றாள் சபிஹா.

அன்புமணி போட்டார். கடல் வடிந்துவிட்டது. வெளுத்த துணியில் பழைய கறை மாதிரி என்னவோ அசைந்தது.

அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். இதெல்லாம் இருட்டில் பார்ப்பதற்கென்று செய்த மிஷின். வெளிச்சம் உமிழும் அளவை லூமென்ஸ் என்று சொல்வார்கள். விளக்கு எரியும்போதும் படம் தெரிய வேண்டுமென்றால் அந்த எண் நிறைய இருக்க வேண்டும். சினிமா பார்ப்பவர்கள் விளக்கை அணைத்துவிடுவார்கள் என்பதால் வீட்டுக்கு யாரும் அப்படிக் கேட்பதில்லை.

விளக்கை அணைத்தால் அழுகல் தெரியாதே என்றாள் சபிஹா. அன்புமணிக்குப் புரியவில்லை. தப்ரேஸ் தலையைக் குனிந்துகொண்டு, அம்மாவும் அவர் ஆட்களும் வெங்காயம் உரித்துக்கொண்டே படம் பார்ப்பார்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. இருட்டில் ஓர் அழுகல் வெங்காயம் கூடையில் விழுந்தால் அரைக்கிற விழுது முழுக்க வாடை வந்துவிடும், அன்றைக்குப் பிரியாணி அவ்வளவுதான்.

அன்புமணி உள்ளே போய், பெட்டி மாதிரி கனமான ஒரு வெள்ளை மிஷினைத் தூக்கிவந்தார். அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. டியூப் லைட் எரியும்போதே சுவரில் போட்டுக் காட்டினார். படம் தெரிந்தது. முகம் முகமாகத் தெரிந்தது.

தப்ரேஸ் முகம் சுளித்தான். "ம்மா, இது ஸ்கூல்ல பாடம் நடத்துறதுக்குப் போடுறது. கறுப்பு கறுப்பாவே இருக்காது, சாம்பலா இருக்கும்."

"படத்துல கறுப்பு எப்படி இருந்தா என்னத்தா. வெங்காயத்துல கறுப்பு தெரியணும், எனக்கு அம்புட்டுத்தான்."

கால் நீட்டும் நாற்காலி விஷயத்தையும் அங்கேயே முடித்தாள். அன்புமணியின் கடையில் ஒன்று இருந்தது. அதில் உட்கார்ந்து பார்த்தாள், பாதி உடம்பு உள்ளே போய்விட்டது. எழுந்திருக்க மகன் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. முழங்கால் தேய்ந்தவர்களை இதில் உட்காரவைத்தால் ஒவ்வொருத்தியையும் தூக்கிவிட இரண்டு ஆள் வேண்டும் என்றாள். கால் தரையில் படுகிற, கை வைக்கக் கட்டை உள்ள மர நாற்காலி ஒன்று சிவனம்மாளுக்கு, மற்றவர்களுக்குப் பாய். மிஷினை வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று அன்புமணி கொடுத்தனுப்பினார்.

*

மிஷினை எங்கே வைப்பது என்று யாரையும் சபிஹா கேட்கவில்லை. கூடத்தின் வெள்ளைச் சுவருக்கு நேர் எதிரே மசாலா அலமாரி இருந்தது. உயரம் கச்சிதம். மேல்தட்டில் கரம் மசாலா டப்பாக்களை ஒதுக்கிவிட்டு அதில் ஏற்றினாள். ஸ்டாண்ட் ஒன்று வாங்கி வருகிறேன் என்று தப்ரேஸ் சொன்னான். இருக்கிற அலமாரியை விட்டுவிட்டு ஸ்டாண்ட் எதற்கு என்றாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கட்சி கூடியது. சிவனம்மாள் மர நாற்காலியில். நாகஜோதியும் மற்ற பெண்களும் பாயில். நாகஜோதி கட்சியில் இளையவள். அந்தப் படங்களில் ஒன்றைக்கூடப் பார்க்காமல், முடிவுகளை மட்டும் கேட்டு வளர்ந்தவள். பேச்சில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். கிணற்றுப் படத்தை நேரடியாகப் போட்டு வீணாக்க வேண்டாம், முதலில் மிஷின் எப்படி என்று பார்ப்போம் என்று ஹுஸ்னா ஏதோ ஒரு கல்யாணப் படத்தைப் போட்டாள்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. பாட்டு வந்தது. நாகஜோதி வெங்காயக் கூடையை எடுத்துக்கொண்டு குறுக்கே போனாள், அவளுடைய கொண்டையின் நிழல் கதாநாயகனின் மார்பில் போய் உட்கார்ந்தது. உட்காருடி என்று நாலு பேர் சொன்னார்கள். இன்னொருத்தி அண்டா தூக்கிப் போனாள், மணமேடையே மறைந்தது.

அப்புறம் யாரோ இருமினார்கள். அடுத்து இன்னொருத்தி. சிவனம்மாள் தும்மத் தொடங்கியவள் நிறுத்தவில்லை. சபிஹாவுக்குத் தொண்டையில் கங்கு வைத்தது போல் இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். மிஷினிலிருந்து சுவருக்குப் போகும் வெளிச்சம் முழுக்கச் செக்கச்செவேலென்று புகை சுழன்றுகொண்டிருந்தது. பார்க்க நன்றாகவும் இருந்தது.

அன்று காலையில்தான் மில்லிலிருந்து மிளகாய்த்தூள் வந்திருந்தது. அரைத்த சூடு ஆறட்டும் என்று வழக்கம்போல் தாம்பாளங்களில் பரப்பி அதே அலமாரியில் வைத்திருந்தார்கள். வைத்தவள் சபிஹாதான். மிஷினுக்குள் சூட்டை வெளியே தள்ள ஒரு காற்றாடி உண்டு. அதன் வாய் தாம்பாளத்தைப் பார்த்து இருந்தது.

"எல்லாரும் மொட்டை மாடிக்குப் போங்க. கண்ணத் தேய்க்காதீங்க" என்று மட்டும் சொன்னாள். மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு சிவனம்மாளை நாற்காலியிலிருந்து எழுப்பி முன்னால் நடத்தினாள். மாடிக் குழாயடியில் வரிசையாக நிற்கவைத்து, தலையைச் சாய்த்து, கண்ணில் தண்ணீரை ஓடவிட்டாள். துடைக்கிறவள் கையைத் தட்டிவிட்டாள். எல்லோருடைய முகமும் தக்காளியாகச் சிவந்திருந்தது. எதிரே சிறுமலை அமைதியாக இருந்தது, அங்கே யாரும் தும்மவில்லை.

முதலில் பேச்சு வந்தது நாகஜோதிக்குத்தான். "பாயம்மா, நம்ம தம் போட்டதுலயே இதுதான் பெருசு."

சிவனம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் இருமல், இருமினால் சிரிப்பு. அது ஒவ்வொருத்தியாகப் பரவி எல்லோரையும் குழாயடியில் உட்காரவைத்துவிட்டது. கீழேயிருந்து ஓடிவந்த தப்ரேஸ், தன் தாயார் ஈரத் தலையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்குவதைப் பார்த்துப் பயந்துபோனான். என்ன நடந்தது என்று தெரிந்ததும் ஸ்டாண்ட் விஷயத்தை அவன் ஞாபகப்படுத்தவில்லை. அன்றைக்கு அவன் செய்த புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

மறுநாள் அன்புமணி வந்து மிஷினைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்தார். அவரும் தும்மினார். மிஷினுக்கும் மசாலா தடவி ஊறவைத்துவிட்டீர்கள் என்றார். பிறகு கூடத்தின் நடுவில் நின்று, பெண்கள் உட்காரும் இடம், கூடை போகும் வழி, அலமாரி, ஜன்னல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். கடையில் இருட்டறையில் மிஷினைக் காட்டுவதைவிட ஆளின் வீட்டை முதலில் பார்த்திருக்க வேண்டும், தப்பு தன்னுடையதுதான் என்றார். தூள் பரப்பியது தான்தான் என்று சபிஹாவும் ஒப்புக்கொண்டாள். இருவரும் தப்பைப் பங்குபோட்டு முடித்ததும் வேலை சுலபமாயிற்று.

இந்தக் கூடத்துக்கு ஷார்ட் த்ரோ என்று சொல்லும் வகைதான் சரி என்றார் அவர். தூரத்திலிருந்து வெளிச்சம் பாய்ச்ச வேண்டியதில்லை. படம் விழும் சுவரிலேயே, தலைக்கு மேலே ஓர் இரும்புக் கை நீட்டித் தொங்கவிடலாம். சுவருக்கு ஒரு முழம் தள்ளி இருந்துகொண்டே சுவர் நிறையப் படம் போடும். குறுக்கே அண்டா போனாலும் யானை போனாலும் நிழல் விழாது. மசாலா அலமாரி எதிர்ச் சுவரில் இருப்பதால் தூளும் எட்டாது. வெளிச்சமும் முன்னதைவிடக் கூடுதல். தூசு வடிகட்டியை மட்டும் வாரம் ஒருமுறை எடுத்துத் தட்ட வேண்டும்.

சபிஹா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். சத்தம் எப்படி? தாளிக்கிற சத்தத்தில் பாதிகூட இருக்காது என்றார் அன்புமணி. இதுவும் பள்ளிக்கூடத்துக்கு விற்கிற சாமான்தான் என்று தப்ரேஸ் முணுமுணுத்தான். ஆனால் அதை மாட்டுவதற்கு ஏணி பிடித்தவன் அவன்தான். ஜன்னலுக்குத் திரைச்சீலை போட்டுக்கொள்ள அவனுக்கு அனுமதி கிடைத்தது. வெங்காயம் இல்லாத நேரத்தில் மூடிக்கொண்டு கிரிக்கெட் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்குக் கடைப் பையன்களையெல்லாம் கூட்டிவந்து உட்காரவைத்தான். கறுப்பு சாம்பலாக இருக்கிறது என்று அதன்பிறகு அவன் சொன்னதாகத் தெரியவில்லை.

*

கிணற்றுப் படத்தைத் தேடிப்பிடித்தவள் ஹுஸ்னா. யூடியூபில் யாரோ ஏற்றியிருந்தார்கள். கொஞ்சம் கோடு விழுந்த பிரதி, ஆனால் முழுசாக இருந்தது.

மார்கழி முடிகிற நேரம். அந்தச் செவ்வாய்க்கிழமை மிளகாய்த்தூள் கீழே பூட்டிவைக்கப்பட்டது. டியூப் லைட் எரிந்தது. பாயில் ஆட்கள், நடுவில் வெங்காயம், சிவனம்மாளின் மடியில் ஒரு முறம். படம் ஆரம்பித்ததும் பேச்சு நின்றது. அவர்கள் மறந்துபோயிருந்தது ஒன்றுகூட இல்லை. கதாநாயகி தாவணியோடு வரப்பில் ஓடுவதற்கு முன்பே சிவனம்மாள், "இப்ப செருப்பு அறுந்துரும்" என்றாள். அறுந்தது. கணக்குப்பிள்ளை பேசும் வசனத்தைச் சபிஹா அவனுக்கு முன்னால் சொன்னாள். நாகஜோதி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். முடிவுகளை மட்டும் கேட்டுவந்தவளுக்கு அன்றைக்குத்தான் ஆரம்பம் கிடைத்தது.

பொழுது சாய்ந்தது. கிணறு வந்தது. தகரப் பெட்டி கயிற்றில் ஆடி ஆடி உள்ளே இறங்கியது. பின்னால் செருப்பு. திரையில் 'இடைவேளை' என்று எழுத்து விழுந்தது.

சபிஹா எழுந்துவிட்டாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். சிவனம்மாளும் நாற்காலிக் கட்டையை ஊன்றி எழுந்து, மடியிலிருந்த சருகைத் தட்டிவிட்டு நடந்தாள். இருவரும் படிக்கட்டு வரை போய்விட்டார்கள். முழங்கால் வலிகூட அப்போது ஞாபகம் வரவில்லை.

"எங்க போறீக ரெண்டு பேரும்?" என்றாள் நாகஜோதி.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிவனம்மாள்தான் முதலில் படிக்கட்டுக் கைப்பிடியை விட்டாள். "அடுப்புப் பத்தவைக்கத்தான்" என்றாள். கீழே அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. தப்ரேஸ் நாலு மணிக்கு முன்பே பற்றவைத்துவிட்டான், அம்மா கீழே வர வேண்டாம் என்று சொல்லியும் அனுப்பியிருந்தான்.

இருவரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். இத்தனை வருஷத்தில் இந்த இடத்தைத் தாண்டி அவள் ஓரடி போனதில்லை. "போடு" என்றாள்.

இடைவேளைக்குப் பிறகு வந்த முதல் காட்சியே மலையில்தான் இருந்தது. கதாநாயகி ஸ்வெட்டர் போட்டிருந்தாள். கிணறு எங்கே, ஊர் எங்கே என்று ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பாட்டு. பிறகு ஜீப் கவிழ்ந்தது, அவளுக்கு எல்லாம் மறந்துபோயிற்று. கதாநாயகனைப் போலவே இன்னொருவன் வந்தான். சிவனம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகப் பார்த்தாள். நீதிமன்றம் வந்தது. வில்லன் கூண்டில் நின்று மன்னிப்புக் கேட்டான். மன்னித்துவிட்டார்கள். அப்போது சிவனம்மாளின் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது. கல்யாணம் நடந்தது. எல்லோரும் வரிசையாக நின்று கும்பிட்டார்கள். 'சுபம்' என்று விழுந்தது.

கூடத்தில் யாரும் வெங்காயத்தைத் தொடவில்லை.

"பெட்டி?" என்றாள் சிவனம்மாள்.

ஹுஸ்னா கடைசிப் பகுதியைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். நடுவில் ஏதாவது வெட்டியிருக்கிறார்களோ என்று ஓட்டி ஓட்டித் தேடினாள். ஒன்றும் விடுபடவில்லை. பெட்டியைக் கிணற்றில் இறக்கிய இடத்தோடு படம் எடுத்தவர்கள் அதை மறந்துவிட்டார்கள். செருப்பு யாருடையது என்பதும் தெரியவில்லை.

சபிஹா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷத் தகராறில் யார் சொன்னது சரி என்று தெரிந்துவிடும், ஒருவேளை தான் தோற்றுவிடுவோம் என்றுகூட அவள் தன்னைத் தயார் செய்துவைத்திருந்தாள். இதற்கு அவள் தயாராக இல்லை. வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது.

"சிவனம்மா, பெட்டி இன்னம் கெணத்துலதான் கெடக்குது" என்றாள்.

"எடுக்க நாதியில்ல."

"நம்மதான் எடுக்கணும்."

"நகைதான் சபிஹா. நான் அன்னைக்கே சொன்னேன்." மற்ற நேரமெல்லாம் சிவனம்மாளுக்கு அவள் பாயம்மா. கதைத் தகராறு என்று வந்தால் மட்டும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

"பத்திரம். நகையின்னா எதுக்கு மெழுகு வச்சு மூடுறா? தண்ணி பட்டா நகைக்கு என்ன ஆகும்? பாக்கலியா நீ, மூடியச் சுத்தி மெழுகு."

சிவனம்மாள் பார்த்திருக்கவில்லை. மெழுகைத் திரும்பப் போடச் சொன்னாள். சுவர் அளவுக்குப் பெரிதாக, டியூப் லைட் வெளிச்சத்திலும் தெளிவாக, மூடியைச் சுற்றி மெழுகு தெரிந்தது. அந்தக் காலத்துத் தியேட்டரில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததால் அவளுக்கு அது தெரியாமல் போயிருந்தது, இன்றைக்குக் கண் செருப்பிலேயே இருந்துவிட்டது. இருந்தும் அவள், நகையோடு மாமனார் எழுதிவைத்த உயிலும் இருந்தது என்று கட்சி மாறாமல் வழி கண்டுபிடித்தாள். நாகஜோதி இரண்டையும் மறுத்து, பெட்டி காலி, வில்லனை ஏமாற்றத்தான் இறக்கினாள் என்றாள். நேற்று வந்தவளுக்கு என்ன பேச்சு என்று இருவரும் சேர்ந்து அவளை அடக்கினார்கள். ஆனால் அது நல்ல முடிவுதான் என்று சபிஹா மனத்துக்குள் ஒத்துக்கொண்டாள். அன்றைக்கு ராத்திரி வெங்காயம் தாமதமாகக் கீழே போயிற்று.

பொங்கலுக்குப் பிறகு சிவனம்மாள் திருப்பூர் புறப்பட வேண்டிய வாரம் வந்தது. போவதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை, இன்னொரு பழைய படம் போடச் சொன்னாள். இடைவேளை விழுந்ததும் கையைத் தூக்கினாள்.

"நிப்பாட்டுத்தா ஹுஸ்னா. இது போதும். மிச்சத்த நான் பிள்ளைய வளத்து நடக்க விட்டுட்டு வந்து பாக்குறேன். அதுவரைக்கும் ஒருத்தரும் பாக்கக் கூடாது."

"நீ வார வரைக்கும் நான் எப்படி இருக்குறது?" என்றாள் சபிஹா.

"போன் எதுக்கு இருக்கு? ராவுல பிள்ள அழுவும். முழிச்சிருக்கும்போது யோசிச்சு வைக்கிறேன். மத்தியானம் கூப்புடு, சொல்றேன்."

அப்படித்தான் நடக்கிறது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் கூடத்தில் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுக் கவிழ்த்த டப்பாவின்மேல் வைக்கிறார்கள். திருப்பூரிலிருந்து ஒரு குழந்தையின் அழுகைக்கு நடுவே வில்லன் விதவிதமாகச் செத்துக்கொண்டிருக்கிறான். இங்கே சபிஹா சொத்தைப் பிரித்துக்கொடுத்து எல்லோருக்கும் சாப்பாடு போடுகிறாள். மற்ற படங்களைக் கடைசிவரை பார்க்கிறார்கள். அந்த ஒன்றை மட்டும் தொடுவதில்லை. ரிமோட் சபிஹாவின் வெற்றிலைப் பெட்டியில் இருக்கிறது.

நாகஜோதி மட்டும் வீட்டில் தன் ஃபோனில் அதை முழுசாகப் பார்த்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஃபோனில் சிவனம்மாள் பேசத் தொடங்கியதும் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வேகவேகமாக வெங்காயம் உரிக்கிறாள், சிரிப்பில் தோள் குலுங்குகிறது. சபிஹா அதைக் கவனித்துவிட்டாள். ஒப்பந்தப்படி கேட்கவில்லை. அந்த வேகத்தில் அழுகல் வெங்காயம் நல்லதோடு போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டாள். விளக்கு நன்றாக எரிகிறது, ஒன்றுகூடப் போகவில்லை.